வேட்பாளர் நல்லவரா? அமெரிக்க சர்ச்சுகளில் மாறிப்போன ஒரு கேள்வி

‘சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய ஓர் அரசியல்வாதி, பொதுப் பொறுப்பில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா?’

பி.ஆர்.ஆர்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2011-ல் மக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது. வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30% பேர்தான் ‘முடியும்’ என்றார்கள். வேறு எந்த மதப் பிரிவும் இந்த விஷயத்தில் இவர்கள் அளவுக்குக் கறாராக இல்லை. அதே நிறுவனம் 2016 அக்டோபரில் அதே கேள்வியோடு மறுபடி போனது. இந்த முறை ‘முடியும்’ என்றவர்கள் 72%. எல்லாரையும்விடக் கறாராக இருந்தவர்கள், எல்லாரையும்விடத் தாராளமாகிவிட்டார்கள்.

இடையில் நடந்தது என்ன என்று யோசிக்க ரொம்ப நேரம் தேவையில்லை. டொனால்ட் ட்ரம்ப் குடியரசுக் கட்சி வேட்பாளராகியிருந்தார். மூன்று திருமணங்கள், சூதாட்ட விடுதிகள், பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுகள் என எல்லாமே ஊரறிந்த விஷயம். அந்த நவம்பரில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் நடத்திய கணிப்பின்படி, வெள்ளையின இவாஞ்சலிக்கல்களில் 81% பேர் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு தேர்தல்களிலும் பத்தில் எட்டுப் பேர் என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

‘வேஷதாரிகள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால், இவர்கள் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட 50 வருட வரலாறு உண்டு.

முதலில், யார் இந்த இவாஞ்சலிக்கல்கள்? புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்துக்குள் பல சபைகளில் பரவியிருப்பவர்கள். வேதாகமமே கடைசி வார்த்தை என்பார்கள். பிறப்பால் கிறிஸ்தவராக இருந்தால் போதாது, தனிப்பட்ட மனமாற்றம் வேண்டும் என்பார்கள். ‘இரட்சிக்கப்பட்டீர்களா?’ என்று கேட்கும் கன்வென்ஷன் கூட்டங்களை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இந்த மொழி புதிதல்ல. அதை உலகமெங்கும் கொண்டுபோன பில்லி கிரஹாம் 1956-ல் அன்றைய மதராஸுக்கும் வந்துபோனவர்தான். அமெரிக்காவில் இந்த வகையைச் சேர்ந்த பெரிய அமைப்பு சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். அந்த நாட்டின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் சபைக் கூட்டமைப்பும் அதுதான்.

கடலைக் காட்டிலிருந்து வந்த ஞாயிறு பள்ளி ஆசிரியர்

இவர்களுடைய கனவு வேட்பாளர் எப்படி இருக்க வேண்டும்? கிராமத்துக்காரர், ஒரே மனைவி, ஞாயிறு தவறாமல் சர்ச், அங்கே பைபிள் வகுப்பும் எடுப்பவர். அப்படி ஒருவர் 1976-ல் நிஜமாகவே வந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற குட்டி ஊரில் நிலக்கடலை விவசாயம் செய்த ஜிம்மி கார்ட்டர். அவரும் சதர்ன் பாப்டிஸ்ட். ‘நான் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன்’ என்று பிரசாரத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாமல் பெருநகரத்துப் பத்திரிகையாளர்கள் விழித்தார்கள். ‘நியூஸ்வீக்’ அந்த வருடத்தையே இவாஞ்சலிக்கல்களின் வருடம் என்று அறிவித்தது.

வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி விலகி இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. ‘உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்’ என்ற கார்ட்டரின் வாக்குறுதி எடுபட்டது. உண்மை பேசுவதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்றும் சொல்லலாம். ‘பிளேபாய்’ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, மனதளவில் தானும் இச்சையோடு பெண்களைப் பார்த்திருப்பதாக ஒப்புக்கொண்டார். இயேசுவின் மலைப்பிரசங்கத்தை மனதில் வைத்துத்தான் சொன்னார். சர்ச்சுக்காரர்கள் பலருக்குச் சங்கடமாக இருந்தது, அவர் சொன்ன விஷயத்தைவிட அதைச் சொன்ன இடம்!

கார்ட்டர் ஜெயித்தார். நான்கே வருடங்களில், 1980-ல், இதே மக்களில் பெரும்பகுதி அவரைக் கைவிட்டு ரொனால்ட் ரீகன் பக்கம் போனது. ரீகன் ஹாலிவுட் நடிகர், விவாகரத்து ஆனவர். 1967-ல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். தனிப்பட்ட வாழ்க்கையை மட்டும் எடைபோட்டிருந்தால் தராசு கார்ட்டர் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

அப்படியானால் எதை எடைபோட்டார்கள்? பள்ளிக்கூடங்களில் அரசு ஏற்பாட்டில் நடக்கும் ஜெபமும் வேதவாசிப்பும் அரசியல் சாசனத்துக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் 1962-லும் 1963-லும் சொல்லிவிட்டது. 1973-ல் ரோ எதிர் வேட் வழக்கு, கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக்கியது. பெண்ணுரிமை இயக்கமும் தன்பாலின ஈர்ப்பாளர்களின் இயக்கமும் வளர்ந்தன. ‘நாம் பிள்ளை வளர்த்த நாடு இது இல்லையே’ என்ற திகைப்பு சர்ச் குடும்பங்களுக்குள் புகுந்தது. ஒரு பாப்டிஸ்டே வெள்ளை மாளிகையில் இருந்தும் இதில் எதுவும் நிற்கவில்லை என்பது அவர்களுடைய மனக்குறை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபின், தென் மாநிலங்களில் வெள்ளையருக்கான தனியார் ‘கிறிஸ்தவப் பள்ளிகள்’ நிறைய முளைத்தன. இனப்பாகுபாடு காட்டும் கல்வி நிலையங்களின் வரிவிலக்கை அரசு பறிக்கத் தொடங்கியது. கறுப்பு, வெள்ளை மாணவர்கள் காதலிப்பதையே தடைசெய்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-ல் விலக்கை இழந்து, வழக்காடி, 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மதபோதகர்களை அரசியலுக்குள் தள்ளியதே இந்த வரிப் பிரச்னைதான் என்கிறார் வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர். கருக்கலைப்பு எதிர்ப்பு அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் ஆவணத்தில் இருக்கிறது. 1971-ல் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் போட்ட தீர்மானம், பாலியல் வன்முறை, சிசுவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக இருந்தது. 1980-ல் அதே அமைப்பு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே விலக்கு, மற்றபடி தடை வேண்டும் என்றது. ஒன்பது வருடங்களில் இவ்வளவு தூரம்! இன்றைய இளம் இவாஞ்சலிக்கல்கள் பலருக்கு இது ஆச்சர்யமாக இருக்கும். ‘எங்கள் நிலைப்பாடு என்றைக்கும் ஒன்றுதான்’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

1979-ல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். 1980 ஆகஸ்டில் டல்லாஸில் ஆயிரக்கணக்கான போதகர்கள் கூடிய கூட்டத்துக்கு ரீகன் வந்தார். ‘நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க முடியாது என்று தெரியும். ஆனால், நான் உங்களை ஆதரிக்கிறேன்’ என்ற பொருளில் அவர் பேசியதும் அரங்கம் அவர் வசமானது. மதமும் கட்சியும் கைகோத்தது அந்த நாட்களில்தான்.

அன்று கிளின்டனுக்குச் சொன்னது

அடுத்த காட்சி 1998. இந்த முறையும் வெள்ளை மாளிகையில் இருந்தவர் ஒரு சதர்ன் பாப்டிஸ்ட்தான். ஆர்கன்சா மாநிலத்தில் தன் சர்ச்சின் பாடகர் குழுவில் பாடிய பில் கிளின்டன். மோனிகா லெவின்ஸ்கி விவகாரம் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனால், பொருளாதாரம் நன்றாக இருந்தது. ‘அவர் சொந்த வாழ்க்கை நமக்கெதற்கு, வேலையைச் சரியாகப் பார்க்கிறாரே’ என்றனர் பெரும்பாலான அமெரிக்கர்கள்.

சர்ச்சுகள் கொதித்தன. அந்த வருடம் ஜூனில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், பொதுப் பதவியில் இருப்பவர்களின் ஒழுக்கம் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. தலைவர்களின் கடுமையான தவறுகளைச் சகித்துக்கொண்டால் சமூகத்தின் மனசாட்சியே மரத்துப்போகும் என்பது அதன் சாரம். வானொலி வழியே லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பிள்ளை வளர்ப்பு ஆலோசனை சொல்லி வந்த உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன், தன் நேயர்களுக்கு நீண்ட கடிதமே எழுதினார். குணம் முக்கியமில்லை என்று ஒரு நாடு நினைக்க ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்ற தகப்பனின் கவலை அதில் இருந்தது.

அந்தக் கவலையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. தொலைக்காட்சிச் செய்தி வரும் நேரத்தில் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிய பெற்றோர்களுக்கு அது வெறும் அரசியல் இல்லை. இதே டாப்சன் 2016-ல் ட்ரம்ப்பை ஆதரித்தார் என்பதால்தான் அந்தப் பழைய கடிதம் மறுபடி மறுபடி தேடி எடுக்கப்படுகிறது.

காலியான ஒரு நாற்காலி

2016 பிப்ரவரி 13. உச்ச நீதிமன்றத்தின் பழைமைவாத நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்துபோனார். ஒபாமா நியமித்தவரை விசாரிக்கவே செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி மறுத்துவிட்டது. ஜனாதிபதி தேர்தல் முடியும்வரை நாற்காலி காலியாகவே இருந்தது. அமெரிக்காவில் அந்த நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவி. ஒரு நியமனம் ஒரு தலைமுறைக்கான சட்டத்தையே தீர்மானிக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ட்ரம்ப். மே மாதம், தான் யாரையெல்லாம் நீதிபதியாக்குவேன் என்று பெயர்ப் பட்டியலையே வெளியிட்டார். முன்பு எந்த வேட்பாளரும் செய்யாத காரியம். மற்றவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார்கள், இவர் கையில் எழுதியே கொடுத்தார்.

‘நாங்கள் தேர்ந்தெடுப்பது பாஸ்டரை அல்ல, ஜனாதிபதியை’ என்ற வாதம் அதன்பின் எங்கும் ஒலித்தது. கருவில் இருப்பது முழு மனித உயிர் என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், வருடத்துக்கு லட்சக்கணக்கில் அது அழிவதாக அவர் நம்பினால், அதைத் தடுப்பேன் என்பவரின் சொந்த வாழ்க்கையை அவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார்? இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் அந்த ஓட்டு புரியும். வேதாகமத்திலிருந்தும் துணைக்கு ஆள் கிடைத்தார்கள். யூதர்களைச் சிறையிருப்பிலிருந்து விடுவித்த பாரசீக மன்னன் கோரேசு, கடவுளை அறியாதவனாக இருந்தும் கடவுளின் கருவியானான் என்றார்கள். தாவீது ராஜா பத்சேபாளிடம் தவறியவர்தானே என்றார்கள். தாவீதின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்ன நாத்தான் தீர்க்கதரிசி எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பெண்களை அனுமதியின்றித் தொடுவதைப் பற்றி ட்ரம்ப் பெருமையடித்த பழைய ஒலிப்பதிவு வெளியானது. பைபிள் கல்லூரிகளில் பாடப்புத்தகம் எழுதிய இறையியலாளர் வேன் குரூடெம் தன் ஆதரவை வாபஸ் வாங்கினார். சில நாட்களிலேயே, கொள்கைகளுக்காக அவருக்கே ஓட்டு என்று திரும்பி வந்தார். அந்த அக்டோபரில் ஆயிரமாயிரம் வீடுகளில் நடந்த மனப்போராட்டத்தை ஒரே ஆள் பகிரங்கமாக நடத்திக்காட்டியதுபோல இருந்தது.

சதர்ன் பாப்டிஸ்ட்களின் தலைமை இறையியல் கல்லூரித் தலைவர் ஆல்பர்ட் மோலர், ட்ரம்ப்பை ஆதரித்தால் நான் கிளின்டனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று 2016-ல் சொன்னார். நேர்மையான பேச்சு. 2020-ல் அவரும் ட்ரம்ப்புக்கு ஓட்டு என்று அறிவித்தார்.

வாங்கியதும் கொடுத்ததும்

பேரம் வீண்போகவில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ட்ரம்ப் தன் முதல் நான்கு வருடங்களில் மூன்று நீதிபதிகளை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். 2022 ஜூன் 24-ம் தேதி, 49 வருடங்களாக நின்ற ரோ தீர்ப்பு ரத்தானது. பனியிலும் வெயிலிலும் வருடா வருடம் வாஷிங்டனில் ஊர்வலம் போனவர்கள் நீதிமன்ற வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதே வாசலின் இன்னொரு பக்கம் கோபத்தில் அழுதவர்களும் இருந்தார்கள்.

ஆனால், வெற்றிக்குப் பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. இரண்டே மாதங்களுக்குள், குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸ் மாநிலத்தில் பொதுவாக்கெடுப்பு வந்தது. கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59% பேர் நிராகரித்தார்கள். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், உறைநிலையில் வைக்கப்பட்ட கருக்களும் சட்டப்படி குழந்தைகளே என்றது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பயந்துபோய் சிகிச்சையை நிறுத்தின. நெடுஞ்சாலைக்குச் சாலை ‘குழந்தையின்மை சிகிச்சை’ போர்டு பார்க்கும் நமக்கு இது விநோதம். அங்கே பிள்ளை வேண்டிக் காத்திருந்த கிறிஸ்தவத் தம்பதிகளுக்கோ இடி. ட்ரம்ப் உடனே செயற்கைக் கருத்தரிப்புக்கு ஆதரவு என்றார். மாநில சட்டமன்றம் சில வாரங்களில் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதே வருடம் கட்சியின் தேர்தல் அறிக்கையிலிருந்து, நாடு தழுவிய கருக்கலைப்புத் தடை என்ற பல்லாண்டு கோரிக்கையும் காணாமல்போனது. முணுமுணுத்தவர்கள் உண்டு. கட்சியை விட்டுப் போகிறோம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பது கட்சிக்கும் தெரியும்.

உள்ளுக்குள் எதிர்த்தவர்களுக்கு என்ன நடந்தது? பில்லி கிரஹாம் தொடங்கிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகை, 2019 டிசம்பரில், ட்ரம்ப்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. 1998-ல் கிளின்டனைப் பற்றி எழுதியதையே இப்போதும் சொல்கிறோம் என்று நினைவூட்டியது. கிரஹாமின் மகன் ஃபிராங்க்ளின் கிரஹாமே அதைக் கண்டித்து, அப்பா 2016-ல் ஓட்டுப் போட்டது ட்ரம்ப்புக்குத்தான் என்றார். சதர்ன் பாப்டிஸ்ட்களின் கொள்கை முகமாக இருந்த ரஸல் மூர், தொடர்ந்து விமர்சித்து, கடைசியில் 2021-ல் அந்த அமைப்பை விட்டே வெளியேறினார். பின்னாளில் ஒரு வானொலிப் பேட்டியில் அவர் சொன்னது மறக்க முடியாதது. மறுகன்னத்தைக் காட்டுங்கள் என்று பிரசங்கித்த போதகர்களிடம், ஆராதனை முடிந்ததும் சபையார் வந்து, ‘இந்த லிபரல் பேச்சை எங்கே பிடித்தீர்கள்?’ என்று கேட்டார்களாம். ‘இயேசு சொன்னது’ என்று பதில் சொன்னாலும் அவர்கள் சங்கடப்படவில்லையாம்.

ஒழுக்கம் பற்றிய கேள்வி அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்து நின்றது. 2019-ல் ‘ஹூஸ்டன் கிரானிக்கிள்’ உள்ளிட்ட நாளிதழ்கள், 20 வருடங்களில் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளில் சுமார் 700 பேர் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதை வெளிக்கொண்டுவந்தன. புகார் சொன்னவர்களைத் தலைமை வருடக்கணக்கில் ஒதுக்கித்தள்ளியதை 2022-ல் வந்த விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. 2006-ல் 1.63 கோடியாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 1.3 கோடிக்கும் கீழ். எல்லாரும் அரசியலால்தான் போனார்கள் என்று சொல்வது தவறு. ஆனால், மதமே வேண்டாம் என்று விலகுபவர்களில் ஒரு பகுதியினருக்கு, சர்ச்சும் கட்சியும் ஒன்றாகிப்போனது ஒரு காரணம் என்று சமூகவியலாளர்கள் 20 வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க ஜார்ஜ் புஷ் 2003-ல் 1,500 கோடி டாலர் திட்டம் அறிவித்தபோது, பின்னால் நின்றவர்களில் இதே பழைமைவாதக் கிறிஸ்தவர்கள் முக்கியமானவர்கள். கறுப்பினப் புராட்டஸ்டன்ட்கள் வேதத்தை இவர்கள் அளவுக்கே நம்புகிறார்கள். ஆனால், அவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல் ஓட்டுப் போடுவது ஜனநாயகக் கட்சிக்கு. ஒரே வேதம் ஒரே ஓட்டாக மாறுவதில்லை. நடுவில் நிறம், ஊர், நினைவு எல்லாம் நிற்கின்றன.

என் கணிப்பில், இவர்கள் இழந்தது தேர்தலில் அல்ல. இன்னொரு கிளின்டன் வந்தால், அவரைப் பார்த்து ‘குணம் முக்கியம்’ என்று இவர்கள் சொல்லும்போது, கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு தங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அவர்களிலேயே பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அயோவாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை

2023 டிசம்பர். இவாஞ்சலிக்கல் வாக்குகள் வலுவாக இருக்கும் அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வாக்காளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாலக்காட்டைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம். சைவ உணவு, ஒரே மனைவி, இரண்டு குழந்தைகள். கருக்கலைப்பை எதிர்ப்பவர். கேள்வி அவருடைய மதத்தைப் பற்றி வந்தது. இந்துவான நீங்கள் எப்படி எங்கள் ஜனாதிபதியாக முடியும் என்பவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

நான் போலியாக மதம் மாறிக்காட்டப் போவதில்லை என்றார் அவர். பெற்றோரை மதி, பொய் சொல்லாதே, திருடாதே, பிறன்மனை நோக்காதே என்று தன் வீட்டில் சொல்லிக்கொடுத்ததும் கத்தோலிக்கப் பள்ளியில் படித்த பத்துக் கட்டளைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன என்றார். கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்கு நான் சிறந்த ஜனாதிபதியாக இருக்க மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கைத்தட்டல் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து அயோவாவில் வாக்குகளை எண்ணினார்கள். விவேக்குக்கு 8 சதவிகிதத்துக்கும் குறைவு. அவர் அன்றிரவே போட்டியிலிருந்து விலகி, 51% பெற்ற ட்ரம்ப்பை ஆதரிப்பதாக அறிவித்தார்.